எழும்ப மறுத்த பச்சைக் கோடு

எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவின் ஈப்போவிலிருந்து, பெரிய மனநோய் ஆஸ்பத்திரி இருக்கும் தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போகும் சாலையோரம் ஒரு பலகை வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அம்மா, அக்காவான நான், தங்கை என்று மூன்றே பேர். அந்த வீட்டு முன்னறையில் ஒரு விஜயதசமிக் காலையில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். கேட்டால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, நாங்களும் பிற்பாடு வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் அன்று காலையில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அப்பா அங்கேயே காலமாகிவிட்டார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தோம். எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பேசுவதுதான் என் பிழைப்பு. காதையும் வாயையும் வைத்து நான் சம்பாதிக்க, என் தங்கைக்கோ ஏழு வயதில் வந்த ஒரு காய்ச்சல் இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. கடவுள் பங்கு பிரிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார் போலிருக்கிறது.

ஏழு வயது வரை கிளி மாதிரி பேசியவள் என்பதால் அவளுக்குப் பேச்சு மறக்கவில்லை. பினாங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் சில வருடம் தங்கிப் படித்ததில், உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளக் கற்றுக்கொண்டாள். முகத்துக்கு நேரே நின்று பேசினால் ஒரு சொல்லைக்கூட விடமாட்டாள். நாம் வாய்க்குள் முணுமுணுத்துத் திட்டுவதையும் சேர்த்துப் பிடித்துவிடுவாள், அதுதான் தொல்லை. அவளுக்கு இருந்த ஒரே சிக்கல், சத்தத்தின் அளவு. தன் குரல் தனக்கே கேட்காது இல்லையா? ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்துவாள். சில சமயம் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காமல் உதட்டை மட்டும் அசைப்பாள்.

டவுனில் ஒரு தையல்கடையில் அவளுக்கு வேலை. ரவிக்கை தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் உட்கார்ந்திருப்பதோ கடையின் பின்னறையில். முன்னால் நின்று அளவெடுப்பவர் முதலாளி. பெண்கள் ஓர் ஆம்பிளையிடம் அளவு கொடுக்கக் கூச்சப்பட்டு, பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்து, "இதவிட கொஞ்சம் லூசா, ஆனா ரொம்ப லூசா வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முதலாளி அதைப் பாதி மறந்து பாதி சொல்வார். தைத்து முடித்தபின் பிடிக்கிறது, தொங்குகிறது என்று புகார் வந்தால் ஏச்சு வாங்குபவள் என் தங்கை. தானே முன்னால் நின்று அளவெடுத்தால் இந்தத் தொந்தரவே இருக்காது என்று அவள் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் முதலாளி வெளியே போயிருந்த நேரம், கைக்குழந்தையோடு ஒரு பெண் கடைக்கு வந்தார். தங்கை ஆசையாக முன்னால் ஓடி, "வாங்கக்கா!" என்றாள். அவள் போட்ட சத்தத்தில் குழந்தை வீறிட்டது. அந்தப் பெண் துணிப்பையை அள்ளிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். திரும்பி வந்த முதலாளி விஷயம் கேள்விப்பட்டு, தங்கையின் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

"நீ தைக்கிறது மட்டும் தையி. வாயத் தொறக்காத லா."

அவர் கெட்டவர் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். ஆனால் அன்றிலிருந்து இவள் வாயைத் திறக்கவில்லை. கடையில் மட்டுமில்லை, வீட்டிலும்தான். கையால் காட்டுவாள், தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். அம்மா கெஞ்சினார், நான் கோபித்துக்கொண்டேன், அவளோ கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு காலத்தில் வீடு அதிரக் கத்துகிறாள் என்று அலுத்துக்கொண்ட நானே, அந்தக் கத்தலுக்கு ஏங்கிப் போனேன்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. என்னோடு எக்ஸ்சேஞ்சில் வேலை செய்த சீனத் தோழி ஒருத்தி குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது, தன் தம்பியின் கம்ப்யூட்டரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போதுள்ளவர்கள் பார்த்தால் பொம்மை என்பார்கள். மொத்தமே ஒரு விசைப்பலகைதான், அதுவும் ரப்பர் விசைகள். அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அடி, இது நம்ம ரப்பருல்ல! அப்ப இது நம்ம ஆளுதான்" என்று உடனே வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார். திரைக்கு நம் டிவியைத்தான் இணைக்க வேண்டும். நிறுத்திவிட்டால் போட்டதெல்லாம் அதற்கு மறந்துபோகும். அதனால் புரோகிராமை கேசட்டில் பதிந்து வைத்து, டேப் ரிக்கார்டரையும் அதையும் வயரால் இணைத்து, ஒவ்வொரு தடவையும் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அந்தத் தம்பி விட்டுப்போன பழைய பத்திரிகைகளில் ஒன்றில், கை தட்டினால் திரையில் ஒரு கோடு எழும்பும் புரோகிராம் போட்டிருந்தது. டேப் ரிக்கார்டரின் பதிவு விசையை அழுத்தி வைத்துக்கொண்டால், அதன் மூலையில் வட்டமாக இருக்கும் சிறு துளைகளுக்குப் பின்னாலுள்ள மைக்கில் விழும் சத்தம் வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். சத்தம் கூடக் கூடக் கோடும் உயரும். பொழுது போகாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அதை எழுத்து எழுத்தாகத் தட்டி ஏற்றிவிட்டுக் கைதட்டிப் பார்த்தேன். கோடு குபீரென்று எழும்பியது. எனக்கே ஆச்சரியம்.

தங்கை எதிரே உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். கோடு எழும்புவதைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், எழுந்து வந்து தானும் தட்டிப் பார்த்தாள். அப்புறம் டேப் ரிக்கார்டர் பக்கம் குனிந்து, யாரும் சொல்லாமலே, "ஆ" என்றாள்.

கோடு எழும்பியது. அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. பிறகு மெதுவாக ஒரு "ஆ", பெரிதாக ஒரு "ஆ" என்று மாற்றி மாற்றிச் சொன்னாள். கோடு ஏறியது, இறங்கியது. ஏழு வயதுக்குப் பிறகு தனக்கே கேட்காமல் போன குரலை அவள் முதன்முதலாக அன்றுதான் கண்ணால் பார்த்தாள். சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். நாங்கள் மூன்று பேரும் அழுதோம் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? புரோகிராமில் கை வைத்தேன். சத்தம் போதாவிட்டால் கோடு வெள்ளை, அளவாக இருந்தால் பச்சை, மீறினால் சிவப்பு என்று மாற்றினேன். ஒரு கடைக்குள் எதிரே நிற்பவரிடம் பேசும் அளவைப் பச்சை என்று வைத்தேன். வேலை முடிந்து வந்ததும் தினமும் பயிற்சி. "வாங்கக்கா. என்ன தைக்கணும்? எப்ப வேணும்?" இதையே திரும்பத் திரும்பச் சொல்வாள். முதலில் எல்லாம் சிவப்பாக எரிந்தது. அப்புறம் வெள்ளையில் படுத்தது. போகப் போகப் பச்சையில் நிற்கத் தொடங்கியது. நடுவில் அம்மா எதையாவது கேட்டால் மட்டும் திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். தோட்டத்தில் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. தங்கை அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பாள்.

தீபாவளிச் சீசன் நெருங்கியது. நான் லீவு போட்டுவிட்டு நேரே தையல்கடைக்குப் போனேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்பது டவுனில் பாதிப் பேருக்குத் தெரியும். அன்று அதைக் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டு பேசினேன்.

"அண்ணே, பொம்பளைங்க ஒங்ககிட்ட அளவு குடுக்கக் கூச்சப்படுறாங்க. அவள முன்னால நிக்க விடுங்க. இப்ப நல்லா பேசுறா."

முதலாளி கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு யோசித்தார்.

"சரி லா. விஜயதசமி அன்னிக்கு வந்து நிக்கட்டும். நல்ல நாளு. ஜனங்க பயப்படலன்னா கவுண்டரு அவளுக்குத்தான். பயந்துட்டாங்கன்னா இந்தப் பேச்ச நீயும் எடுக்கக்கூடாது, அவளும் எடுக்கக்கூடாது. சரியா?"

சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் சொன்னதும் தங்கை குதித்த குதியில் பலகைத் தரை ஆடியது.

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அதை அம்மா விட்டுக்கொடுக்கவே மாட்டார். தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ வருடமாகியும், பால் வெட்டிய உளியைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். பூஜைக்கு முதல் இடம் அதற்குத்தான். அதற்குப் பக்கத்தில் தங்கையின் கத்தரிக்கோல், அளவு நாடா, தையல் மெஷின். வயர் நீளாததால் டிவி இருந்த இடத்திலேயே இருக்க, கம்ப்யூட்டரையும் டேப் ரிக்கார்டரையும் கழற்றிக்கொண்டுபோய் அந்த வரிசையில் சேர்த்தார். "எம் மவளுக்குப் பேச்சக் குடுத்த சாமி இது" என்று சொல்லி, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டார். சூடம் காட்டினார். எல்லோரும் விழுந்து கும்பிட்டோம்.

பூஜையில் வைத்த பொருளை அன்று தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுத்து, சாமி கும்பிட்டு, ஒரு சின்ன வேலையாவது செய்துவைக்க வேண்டும். அதனால் பயிற்சிக்கு ஒரு நாள் லீவு. தங்கை அன்று முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை குளித்து, புதுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு தயாராகிவிட்டாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கடைசியாக ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மெஷினைக் காட்டினாள். நானும் எல்லாவற்றையும் எடுத்து இணைத்தேன். கேசட்டைப் போட்டு புரோகிராமை ஏற்றினேன். நன்றாக ஏறியது. வேறு கேசட்டை மாற்றிப் பதிவு விசையை அழுத்தினேன்.

"வாங்கக்கா" என்றாள் தங்கை.

கோடு அசையவில்லை.

"வாங்கக்கா. என்ன தைக்கணும்?"

அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி மினுக்கியது, அவ்வளவுதான். எனக்கு அவள் குரல் தெளிவாகக் கேட்டது. பதமான, அழகான அளவு. ஆனால் அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கோடுதான். கோடு படுத்துக் கிடந்தால் தன் குரல் படுத்துவிட்டது என்றுதான் அர்த்தம். அவள் சத்தத்தைக் கூட்டினாள். கோடு எழும்பவில்லை. இன்னும் கூட்டினாள். கழுத்து நரம்பு புடைக்க, "வாங்கக்கா!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி வேலிக்கு மேலே தலையை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"அடியே, மெதுவாடி!" என்று அம்மா பதறினார். "தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸு நம்ம வீட்டு வாசல்லதான் போவுது. கையக் காட்டி ஏத்தி விட்ருவாங்க!"

நான் அவள் முகத்தைத் திருப்பி, "நல்லாத்தான் பேசுற, மெஷின்லதான் கோளாறு" என்றேன். அவள் நம்பவில்லை. மனம் நோகக்கூடாது என்று நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் சிவப்பில் கத்திய காலத்தில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் "நல்லாத்தானே பேசுற" என்று பூசி மெழுகிக்கொண்டிருந்தோம். எங்கள் வாயை விட அந்தக் கோட்டைத்தான் அவள் நம்பினாள். அந்தக் கோடு இப்போது அவளைக் கைவிட்டுவிட்டது.

கத்திக் கத்தி இதே சத்தத்தில் கடைக்குப் போய் நின்றால் கதை முடிந்தது. வயரைக் கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன். முனைகளை மாற்றி மாட்டினேன். கேசட்டைத் திருப்பிப் போட்டேன். சத்தம் கூட்டும் சக்கரத்தைக் கடைசிவரை திருகினேன். ஒன்றும் இல்லை. கேசட்டிலிருந்து புரோகிராம் ஒழுங்காக ஏறியதே! அப்படியென்றால் வயரும் சரி, டேப் ரிக்கார்டரும் சரி. மிச்சமிருப்பது நான் எழுதிய புரோகிராம்தான் என்று முடிவு கட்டினேன். வரி வரியாகப் பார்த்தேன். எங்கோ கை பட்டு ஓர் எண் மாறியிருக்கும் என்று மறுபடியும் ஆரம்பத்திலிருந்து ஏற்றினேன். டேப் கீச்சிட்டுக்கொண்டு ஓடியது. நான் சாமி படத்தை ஒரு பார்வை பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

மறுபடியும் கோடு படுத்தே கிடந்தது.

தங்கை கத்துவதை நிறுத்திவிட்டாள். தலையிலிருந்த பூவை எடுத்து மேசைமேல் வைத்தாள். "என் கொரலு போயிருச்சுக்கா. நான் போவல" என்றாள். அதுவும் நல்ல பச்சை அளவில் சொன்னாள் என்பதுதான் கொடுமை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி சாலையில் எறிய வேண்டும் போலிருந்தது.

அப்போது அவள் ஒன்று செய்தாள். நாற்காலியில் உட்கார்ந்தவள், இடது கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள். பினாங்குப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பேச்சுச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காது கேட்காத பிள்ளைகள் தொண்டையில் கை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். "வாங்கக்கா" என்று மெல்லச் சொன்னாள். கையை எடுக்காமல் மறுபடியும் சொன்னாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டென்று எழுந்தாள்.

"அக்கா, தொண்ட அதிருது. நான் பேசுறேன்!"

"அதத்தானே நானும் சொல்றேன்!"

அவள் டிவியைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரையும் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த டேப் ரிக்கார்டரை நோக்கி விரலை நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. இதுக்குத்தான் காது கேக்கல. இதுக்குக் காது எங்கக்கா இருக்கு?"

"இங்கதான்" என்று சொல்லிக்கொண்டே டேப் ரிக்கார்டரின் மூலையில் விரலை வைத்தேன். விரல் துளைகளின்மேல் படவில்லை. கட்டாந்தரை மாதிரி இறுகிக் காய்ந்த சந்தனத்தின்மேல் பட்டது. நடுவில் அம்மா இட்ட குங்குமம் ஜம்மென்று சிரித்தது.

அந்தப் பொட்டு காலையிலிருந்து என் மூக்குக்கு நேரேதான் இருந்தது. ஆனால் அன்று எங்கள் வீட்டில் எதற்குப் பொட்டில்லை? உளிக்குப் பொட்டு, கத்தரிக்கோலுக்குப் பொட்டு, டிவிக்குப் பொட்டு, வாசற்கதவுக்குப் பொட்டு. பூஜைக்கு மறுநாள் ஒரு பொருளில் சந்தனம் இருந்தால் நம் கண்ணுக்கு அது அந்தப் பொருளோடு பிறந்ததாகவே தெரிகிறது. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த சீன ஆன்ட்டியை உள்ளே கூப்பிட்டிருந்தால், "அது என்ன மஞ்சளாய்?" என்று வந்த உடனே கேட்டிருப்பார்.

"அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் அம்மா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, எல்லாத்துக்கும் நெத்தி தெரிஞ்சிச்சு, இதுக்கு மட்டும் எங்க வைக்கிறதுன்னு தெரியல. அந்த மூலையில அழகா வட்டமா இருந்திச்சா, சரி இதுதான் நெத்தின்னு நல்லா அழுத்தி வச்சேன்."

நெற்றி என்று நினைத்து அம்மா அதன் காதை அடைத்துவிட்டார்!

விஜயதசமி அன்று பூஜைப் பொட்டைச் சுரண்டி எடுக்கலாமா என்று எனக்கு ஒரு தயக்கம். அம்மாவுக்கு அதெல்லாம் இல்லை. "சாமி நெத்தியிலதான் வைக்கச் சொன்னிச்சு, காதுல வைக்கச் சொல்லல. எடு, எடு, பஸ்ஸு வந்துரும்" என்று விரட்டினார்.

தங்கை என்னைத் தொடவிடவில்லை. பூஜையில் இருந்த ஊசிப் பெட்டியிலிருந்து மெல்லிய ஊசி ஒன்றை எடுத்தாள். சந்தனத் தூள் உள்ளே விழாமலிருக்க டேப் ரிக்கார்டரைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துளையாகக் குத்தித் தட்டினாள். தையல் மெஷின் துடைக்கும் சின்னப் பிரஷ்ஷால் துடைத்து ஊதினாள். புதுப் புடவை மடியெல்லாம் சந்தனத் தூள். விஜயதசமிக்குச் செய்துவைக்க வேண்டிய சின்ன வேலையும் அத்தோடு முடிந்தது.

நான் பதிவு விசையை அழுத்தினேன்.

"வாங்கக்கா" என்றாள்.

கோடு எழும்பியது. வெள்ளையைத் தாண்டிப் பச்சையில் ஏறி, அங்கேயே நின்றது. "என்ன தைக்கணும்? எப்ப வேணும்?" பச்சை, பச்சை. காலையிலிருந்து அவ்வளவு கத்தியும் அவள் அளவு தப்பவில்லை. அம்மா சந்தோஷத்தில் கைதட்டிக் கூவ, திரை முழுக்கச் சிவப்பாகிப் போனது. தங்கை அதைக் காட்டி, "அம்மா, ஒங்களக் கவுண்டர்ல வச்சா கடையே காலியாயிரும் லா!" என்றாள். மேசைமேல் கிடந்த பூவை நானே எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டேன்.

பஸ்ஸைப் பிடித்துக் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது முதலாளி வாசலில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. நான் கடைக்கு எதிரே, வாசலை ஒட்டிய நடைபாதையான ஐந்தடிப் பாதையில் நிற்பேன். சத்தம் கூடினால் உள்ளங்கையைத் தாழ்த்துவேன், குறைந்தால் உயர்த்துவேன். அவள் என் கையைப் பார்த்துச் சரி செய்துகொள்ள வேண்டும். நான் அங்கே நின்று, கையை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு தயாராக இருந்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

முதலில் வந்தவர் காம்பாரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெண். நல்ல பருமன், கையில் இரண்டு பட்டுத் துணி. நேரே முதலாளியைப் பார்த்து, "அண்ணே, தீபாவளிக்குள்ள வேணும், முடியுமா?" என்றார். முதலாளி தங்கையைக் காட்டினார். அவர் முகத்தில் அரை நம்பிக்கைகூட இல்லை.

தங்கை ஓர் அடி முன்னால் வைத்தாள்.

"வாங்கக்கா. எனக்குக் காது கேக்காது. என் மொகத்தப் பாத்துப் பேசுனீங்கன்னா போதும், புரிஞ்சிக்குவேன். என்ன தைக்கணும்?"

நடுவிலிருந்த இரண்டு வாக்கியங்களும் நாங்கள் பயிற்சி செய்ததே இல்லை. அவளாகச் சேர்த்தது. எதிரே ஐந்தடிப் பாதையில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணோ இமைகூடக் கொட்டவில்லை. அப்படியொரு அளவு. அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுக்கென்னம்மா, நல்லதுதான்" என்றார். "ஆம்பிளகிட்ட சொல்ல முடியாம இத்தன வருசமா கையில பிடிக்கிற ரவிக்கையத்தான் போட்டுக்கிட்டிருக்கேன். நீ அளவெடு. கை கொஞ்சம் லூசா வை, ரொம்ப வேணாம்."

"ரொம்ப வேணாம், வெரல் போற அளவு லூசு. சரியாக்கா?"

"அதே, அதே!"

தங்கை அளவு நாடாவைத் தோளிலிருந்து உருவினாள். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். கவுண்டருக்குப் பின்னாலிருந்த தன் நாற்காலியை இழுத்துப் பின்னறைக்குள் கொண்டுபோனார். நான் அதுவரை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்த கையைக் கீழே போட்டேன். அவள் ஒரு தடவைகூட என் கையைப் பார்க்கவே இல்லை.

அந்தத் தீபாவளிக்குக் கடையில் பெண்கள் கூட்டம் அலைமோதியது. கவுண்டர் அவளுக்கே நிரந்தரமானது. பிறகு அதே தெருவில் சொந்தக் கடை வைத்தாள். முதலாளியே வந்து விளக்கேற்றி வைத்து, "வாயத் தொறக்காதன்னு சொன்ன என் வாயத்தான் தைக்கணும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். தங்கை ஊசியை எடுத்துக் காட்ட, கடையே சிரித்தது. அம்மாவும் அடுத்த ஆயுத பூஜையிலிருந்து சந்தனக் கிண்ணத்தோடு வந்து, ஒவ்வொரு பொருளின் முன்னாலும் நின்று, "இதுக்குக் காது எங்கடி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் பொட்டு வைப்பார். உளியைக்கூட விடமாட்டார்.

நான் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலமாகிவிட்டது. இன்றைக்கும் யாராவது என்னிடம், "நீ சொல்றது ஒண்ணுமே கேக்கல" என்று முகத்தைச் சுளித்தால், நான் முன்போலச் சத்தத்தைக் கூட்டுவதில்லை. என் தங்கையைப் போலத் தொண்டையில் கையை வைத்து, என் குரல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டபின், எதிரே இருப்பவர் காதில் என்ன காய்ந்து கிடக்கிறது என்று பார்க்கிறேன்.